உன் கழுத்தில் நிற்காத விசில்

இன்று காலை சூளைப் பக்கத்திலிருந்து விசில் கேட்டது. அது உன் விசில். உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்து கொஞ்சம் கரகரக்கும், எனக்குக் கேட்டதுமே தெரியும். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது; அது மட்டும் ஒரு நாள்கூட ஓயவில்லை. யார் ஊதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். சேர்ந்த புதிதில் வாயே திறக்காத வேப்பந்தட்டை சங்கர். கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான், அவன் சொல்படி கிரேன் நகர்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவனைப் பார்த்து வயிறெரிகிறவன் அரியலூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நாம் இருவரும் இந்த சிமென்ட் ஆலையில் ஒரே நாளில் ஃபிட்டராகச் சேர்ந்தோம். ஒரே நாளில் ஃபோர்மேனும் ஆனோம். உனக்குச் சூளை, எனக்கு அரைக்கிற மில். கிரேனுக்குச் சைகை கொடுக்க ஆளுக்கொரு விசில் தந்தார்கள். நான் கழுத்தில் மாட்டியவன் கழற்றவே இல்லை. நீயோ மறுநாளே உன் ஆட்களில் ஒருவர் கழுத்தில் அதை மாட்டிவிட்டாய். யார் கழுத்தில் விசிலோ, அன்றைக்கு அவர்தான் வேலைக்குப் பொறுப்பு. நீயும் அவர் சொன்னதைக் கேட்பாய். சாயங்காலம் கேன்டீன் வெந்நீரில் கழுவி அடுத்த ஆளுக்குக் கொடுப்பாய். வேலை தெரியாதவன்தான் இப்படி ஊர் கையில் கொடுப்பான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அதோடு விட்டாயா? மில்லையும் சூளையையும் நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நாள் வந்தால் எவனுக்கும் லீவு கிடையாது. நீ அந்த நாளாகப் பார்த்து லீவு போடுவாய். ஏன்டா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நான் நின்னா அவன் என் மூஞ்சியத்தான் பாப்பான், வேலையப் பாக்கமாட்டான்டா" என்றாய். மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேனிடம் நீ கேட்கும் முதல் கேள்வி, "என்னைய யாராச்சும் தேடுனாங்களா?" யாரும் தேடவில்லை என்பார். நீ தலையைக் குனிந்து ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்வாய். அப்புறம்தான் சிரிப்பாய். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டவுன் அன்று ஆள் வராமல் ஓபியடிக்கிறான் என்று மேனேஜரிடம் உன்னைப் போட்டுக்கொடுத்தது நான்தான். உனக்கு மெமோ வந்தது. நீ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கும் எனக்கு டீ சொன்னாய். தெரிந்துதான் சொன்னாயா என்று இனி யாரிடம் கேட்பது?

திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் உன்னை எரித்த அன்றும் எனக்குப் பொறாமைதான். உன் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் சூளையைப் பார்த்துக்கொண்டார்கள். யார் போவது, யார் இருப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்ததாகச் சொன்னார்கள். வேன், பந்தல், உன் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் என்று எல்லாம் யாரும் சொல்லாமலே நடந்தது. நான் யாரையாவது அதட்டலாமா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்குக் கொள்ளி வைக்கும் நேரத்தில் என் போன் அடித்தது. என் பிரிவிலிருந்து முருகேசன். "சார், எந்த பேரிங்க போடுறதுங்க?" பதினைந்து வருஷமாக பேரிங் மாட்டுகிறவன்.

வரும் பங்குனியில் எனக்கு ஓய்வு. எனக்கப்புறம் மில்லை யார் பார்ப்பார் என்று மேனேஜர் கேட்டார். என் வாயில் ஒரு பெயரும் வரவில்லை. அப்படியென்றால் சூளைப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். என் நாற்காலியிலும் உன் ஆள். அடுத்த ஷட்டவுன் வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினேன்.

போன வாரம் அந்த நாள் வந்தது. முந்தின நாளே என் விசிலை முருகேசன் கழுத்தில் மாட்டினேன். அவன் பயந்து, "சார், நான் எதும் தப்பு பண்ணிட்டேனுங்களா?" என்றான். நான் வளர்த்த லட்சணம் அது. மறுநாள் லீவு போட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் ஒரே ஒரு முறை அடித்தது. "வேலை முடிஞ்சிருச்சுங்க சார். மில்லு ஓடுது. நீங்க சாப்டீங்களா?" சந்தோஷம்தான். ஆனால் அதைவிட, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடித்தான் என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை கேட்டில் நுழைந்ததும், நான் நினைக்காமலே வாயில் வந்துவிட்டது. யாராவது என்னைத் தேடினார்களா? "இல்லீங்களே சார், ஒருத்தரும் கேக்கல." நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை. குனிந்த இடத்தில்தான் உன் ஹெல்மெட் பட்டை ஞாபகம் வந்தது.

இப்போதும் வேலைக்கு நடுவில் என் கை நெஞ்சுக்குப் போய் விசிலைத் தேடுகிறது. இன்றைக்கு அது முருகேசனிடமும் இல்லை, அவன் வேறொருவர் கழுத்தில் மாட்டியிருக்கிறான். உனக்கும் வலித்திருக்கிறது, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. உன்னோடு சேர்ந்து நானும் குனிந்திருப்பேன்.