எண்பத்தொன்பதாம் வருடத்து அட்டைகள்

அண்ணனுக்கு,

அப்பாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆகிறது. உன் பழைய எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். அதனால் உன் மாமியார் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை, பின்னால் விலை ஏறும் என்று, எண்பத்தொன்பது முழுக்க அப்பா தன் கண்ணாடித் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாங்கிப் பிரிக்காமலே அடுக்கினார். நான்கு வருடத்துக்கு முன் நீதான் அத்தனை பெட்டிகளையும் வேனில் ஏற்றினாய். "வித்துட்டு வந்து அப்பாவ நல்ல ஆஸ்பத்திரில சேக்கறேன்" என்றாய். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. பணத்தோடு ஓடிவிட்டாய் என்று டொலீடோ ஊர் முழுக்கச் சொன்னேன்.

நேற்று அட்டைக் கடைக்காரர் கோசக்கிடமும் சொன்னேன்.

"எந்தப் பணம்மா? அந்த வருஷத்து அட்டைய கோடிக்கணக்குல அச்சடிச்சுத் தள்ளிட்டாங்க. சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல. உங்கண்ணன்கிட்ட சொன்னேன், இங்கயே நின்னு அழுதான்."

"அப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!"

"அவருக்கு இருபது வருஷமாத் தெரியுமே. 'பசங்ககிட்ட சொல்லிடாத கோசக்'னு கெஞ்சினாரு."

அப்பா உன்னைக் கேட்கும்போதெல்லாம், "திருட்டுப்பய வரமாட்டான்" என்று கத்தியிருக்கிறேன். இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நீ திருடன் இல்லை. ஆனால் அதற்காக உன்னை மன்னித்துவிடவும் முடியவில்லை. நான்கு வருடம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது நான் ஒருத்திதான்.

உன் தங்கை