மொட்டைமாடிக் கீரையும் வெறும் தட்டும்

இம்பாபா, கெய்ரோ

கடல் கடந்து வாழும் நம் குடும்பத்தார் அனைவருக்கும், அதாவது உனக்கு மட்டும், அறிவிப்பது: மொட்டைமாடிப் பீப்பாய்ப் புதினா இன்று காலை பதவி விலகியது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி ஷிஹாப். அடைப்புக்குறிக்குள் வருவது என் சொந்தச் சரக்கு.

அன்பு மகள் இனாஸுக்கு, இறைவன் அருளால் எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மாண்ட்ரியல் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் கவலை. மனசுதான் சரியில்லை. நானும் கீழ்வீட்டு உம்மு ரிதாவும் சேர்ந்து மாடியில் பீப்பாய்களில் முலூக்கியாக் கீரை போட்டது உனக்குத் தெரியும், அதற்கு முன் இந்தக் கட்டடத்தில் யார் பிறந்தார் யார் செத்தார் என்று யாருக்குத் தெரியும், கீரை வந்த பிறகுதான் எல்லா மாடிப் பெண்களும் சாயங்காலம் மேலே வந்து தேநீர் குடித்தார்கள் (கீரையைவிட வம்புதான் செழிப்பு), ஆளுக்கொரு கட்டு அறுத்தும் போனார்கள். ஊற்றிய தண்ணீர் தளத்தில் ஊறி உம்மு ரிதா வீட்டுக்குள் ஒழுகி, மகள் ஸமாஹின் கல்யாணச் சீராக அடுக்கியிருந்த மெத்தை, போர்வை எல்லாம் பாழ். "உன் கீரை பச்சைப் பசேல்னு இருக்கு, எம் பொண்ணு மெத்தை பூசணம் பூத்துக் கெடக்கு" என்று படிக்கட்டில் நின்று கத்தினாள், விதை போட்டதில் பாதிக் கை அவளுடையது. கட்டடக் கூட்டத்தில், கட்டுக் கட்டாகத் தின்றவர்களே "நாங்க அப்பவே சொன்னோமே, உம்மு ஷிஹாப் கேட்டாத்தானே" என்று பழியை என்மேல் போட்டார்கள். (நான் எழுந்து வக்கீலைப் போல வாதாடியதில் கூட்டமே கீரையாக மசியப் பார்த்தது.) கடைசியில் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பீப்பாயும் இறங்க வேண்டுமாம், புதினாவை நானே பிடுங்கிவிட்டேன். கடைசிக் கீரையைச் சமைத்து உம்மு ரிதாவுக்கு ஒரு தட்டு அனுப்பினேன், நம்மில் யாராவது தட்டை வெறுமையாகத் திருப்புவார்களா, ஒரு எலுமிச்சையாவது வைக்க மாட்டார்களா, கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த மாதம் கல்யாணம், எதிர்வீட்டுக்கு அழைப்பு வந்தது, நமக்கு இல்லை. உன் கல்யாணத்துக்கென்று நான் சேர்த்த மெத்தையும் போர்வைகளும் பிரிக்காமல் இருக்கின்றன, ஸமாஹுக்குக் கொடுக்கட்டுமா? உம்மு ரிதா வாங்குவாளோ, கதவைச் சாத்துவாளோ, நீ சரியென்றால் போய் நிற்கிறேன்.

இறைவன் உன் வழியைத் திறந்து வைக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. பதிலைச் சீக்கிரம் எழுது.

உன் அம்மா
உம்மு ஷிஹாப்

(அக்கா, இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. வக்கீல் கதை பொய். நான் வாயே திறக்கவில்லை. அம்மா தனியாக நின்றாள். "அப்பவே சொன்னோமே" என்றவர்கள் பக்கம் நின்று நானும் தலையாட்டினேன்.)