கலப்பு ஆண்களை விட்டுவைத்த குளம்

மார்ச் 4
பறவைப் பாதுகாப்பு நிலையத்தில் ஆலோசனைக் கூட்டம். குளத்துக் காட்டுவாத்துகளோடு, வீட்டு வாத்தின் கலப்பில் பிறந்த சிலவும் சேர்ந்துவிட்டன. தூய ஆண் ஒன்றே மிச்சம், அதுவும் கிழடு. இந்தப் பருவம் தவறினால் இக்கூட்டத்தின் வம்சம் முடிந்தது.

குதிரைப் பண்ணையிலிருந்து வந்து இறங்கிய புதிய இயக்குநர் தீர்ப்பளித்தார்: "கலப்புல பெட்டையை மட்டும் பிரிச்சு அடைங்க. ஆண் மலடு. அதையும் புடிக்கப்போனா கூட்டமே மெரண்டுபோகும்."

நிலையத்தின் மரபணு ஆய்வாளன் நான்; வாய் திறந்தேன். அவர் குறுக்கிட்டார்.

"நீங்க மைக்ரோஸ்கோப்பைப் பாருங்க சார். வாத்தை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 5
கலப்பினத்தில் முதலில் மலடாவது வழக்கமாக, ஒன்றுபோல் இல்லாத இரு பால் குரோமோசோம்களைச் சுமக்கும் பாலினம். பாலூட்டிகளில் அது ஆண். பறவைகளில் பெண். வாத்தின் முதுகில் சேணம் கட்டியிருக்கிறார் மனிதர். குளத்தில் அவர் விட்டுவைத்த கலப்பு ஆண்கள்தான் முட்டைகளைக் கருவுறச் செய்யக்கூடியவை.

கேட்டால் சொல்வேன். கேட்காதவருக்குக் கருத்துரைக்கும் கடமை என் பணி விதிகளில் இல்லை.

மார்ச் 19
பராமரிப்பாளர் வந்தார். "கிழவனை அந்தக் கலப்புப் பசங்க பெட்டைங்க பக்கமே விடறதில்ல சார்." கேட்டுக்கொண்டேன்.

மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். "அவர் மேல கோவம்னா வாத்து என்னங்க பண்ணுச்சு?"

அவளுக்கு நிர்வாகம் புரியாது.

ஏப்ரல் 2
கிழட்டு ஆண் செத்துக் கிடந்தது.

சொல்லியிருக்கலாமோ? என்னத்தச் சொல்றது — அந்த ஆளு காது குடுத்தாத்தானே. நாலு பேர் முன்னாடி என்னை — போகட்டும்.

மே 11
குஞ்சுகள் பொரிந்தன. இயக்குநர் அனைவரையும் அழைத்துக் காட்டினார். மரபணுச் சோதனைக்கென்று இறகு மாதிரிகளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 29
அத்தனையும் கலப்பு. அறிக்கையை அவர் மேசையில் வைத்தேன். வெகுநேரம் படித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என் வேலை மைக்ரோஸ்கோப் பாக்கறதுதானே சார்."

நன்றாக உறங்கினேன்.

ஜூன் 20
அவரை மாற்றிவிட்டார்கள். இயக்குநர் பொறுப்பு இப்போது என்னிடம். முதல் கோப்பு: காட்டுவாத்துத் திட்டத்தை மூடும் ஆணை. கையொப்பமிட்டேன்.

பராமரிப்பாளர் வாசலிலேயே நின்றார். "சுத்தமான பெட்டைங்க இன்னும் கூடு கட்டப் புல்லு பொறுக்கிக்கிட்டே திரியுதுங்க. என்ன சார் பண்ண?"

இயக்குநரிடம் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.