நான் எடுத்துக்கொடுக்காத வரி

"எங்க பாட்டன் வச்ச தென்னைங்க ஐயா அது." இந்த ஒரு வரியை அன்று நான் உனக்குச் சொல்லவில்லை. மேடையின் ஓரத்தில், தட்டிக்குப் பின்னால், கையில் தாளோடு உன்னிடமிருந்து ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். நீ வரியை மறந்தால் எடுத்துக்கொடுப்பதற்கென்றே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அப்பாவின் பிரம்பு நாற்காலி நேற்று மாயவரத்திலிருந்து புதுப் பின்னலோடு திரும்பி வந்தது. வீடெல்லாம் பிரம்பு வாசனை. வார்னிஷ் அடித்தும் வலது கைப்பிடியில் இருக்கும் சுண்ணாம்புக் கறை போகவில்லை. வெற்றிலை போட்டதும் விரலை அங்கே தடவுவது அப்பாவின் வழக்கம். கறையைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. போன ஆவணியில், குத்தாலத்தில் மஞ்சள் காமாலையில் நீ இறந்துபோனாய் என்று கேட்டபோதும் இந்தக் கறைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் தனி நடிப்பு உண்டு என்றதும் நீதான் முதலில் கை தூக்கினாய். குடிசையைக் காலி செய்யச் சொன்ன மிராசுதார் முன்னால் ஒரு கிழவர் போய் நின்று பேசுவதாக நீயே எழுதினாய். நான் படி எடுத்தேன். குடியிருக்கும் மனைக்குப் பட்டா தரப்போவதாக அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. பட்டா வருவதற்குள் ஆட்களைக் கிளப்பிவிட வேண்டும் என்று அப்பாவும் மற்ற மிராசுதார்களும் எங்கள் கூடத்தில் பேசிக்கொள்வார்கள். உங்கள் வீடு எங்கள் திடலில்தான் இருந்தது. ஆனால் தாளில் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லை. மிராசுதார் இல்லாத ஊர் ஏது என்று நாம் தைரியமாக இருந்தோம்.

பள்ளிக்குள் என்னை "வாடி" என்பாய். எங்கள் கொல்லைக்கு வேலைக்கு வந்தால் "வாங்க" என்பாய். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வாய்.

ஒத்திகையில் ஒரு முக்காலிதான் மிராசுதார். அதன் எதிரே வந்ததும் உன் கைகள் குவிந்துவிடும்.

"முக்காலிக்கு எதுக்குடி கும்பிடு போடுற?"

"கை தானாப் போவுது. உங்கப்பா முன்னால நின்னு பாத்தாத் தெரியும் உனக்கு."

"நானும் நின்னுக்கிட்டுத்தான்டி இருக்கேன். அவர் முன்னால நான் உக்காந்து நீ பாத்திருக்கியா?"

நீ சிரித்தாய். "அப்ப ரெண்டு பேரும் நிக்கிற கட்சி." பிறகு குரல் இறங்கியது. "மேடையில எனக்கு வாய் நின்னுபோச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல."

"இருப்பியா?"

"இருப்பேன்டி."

விழாவுக்கு நாற்காலிகள் ஆண்டுதோறும் எங்கள் வீட்டிலிருந்துதான் வண்டியில் போகும். அன்று முக்காலியை ஆர்மோனியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். டிரில் மாஸ்டர் கைக்குக் கிடைத்த பிரம்பு நாற்காலியைத் தூக்கி மேடை நடுவில் போட்டார். அது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். திரை விலகியபோது, தலைமை தாங்க வந்த அப்பா தன் நாற்காலியை எதிரே பார்த்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நீ அதைக் கண்டதும் ஒரு கணம் நின்றாய். ஒத்திகையில் தோளிலேயே கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. நீ பேசிய குரல் ஒத்திகைக் குரலே இல்லை. உன் அப்பா எங்கள் வாசலில் நின்று பேசும் குரல். அதே இருமல், வார்த்தைக்கு நடுவில் அதே எச்சில் விழுங்கல். பாதி வரை வந்தாய். தென்னை வரிக்கு முன்னால் நின்றுவிட்டாய்.

உன் கண் தட்டிப் பக்கம் வந்தது. வரி என் நாக்கில் இருந்தது. சொன்னால் அப்பாவுக்கு என் குரல் கேட்டுவிடும். தாளை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

சொல் கிடைக்காமல் கண்ணில் பட்டதைச் சொன்னாய். "சுண்ணாம்ப அதுல தடவாதீங்க ஐயா. நாளைக்கு நான்தானே தொடைக்கணும்."

முதலில் சிரித்தவர்கள் கடைசியில் நின்றிருந்த உங்கள் தெருக்காரர்கள். பிறகு கொட்டகையே சிரித்தது. எப்படியோ மீதியைப் பேசி முடித்தாய். அப்பா கை தட்டினார். நிதானமாக, எல்லோரும் நிறுத்திய பிறகும்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டார்: "நல்லாப் பேசுனா. யார் வீட்டுப் பொண்ணு அது?"

"தெரியலப்பா."

"உனக்குத் தெரியாது. சரி."

மறுநாள் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "மறந்துட்டியாடி?" ஆமாம் என்று தலையாட்டினேன். நீ நம்பினாய் என்றுதான் நினைக்கிறேன். அறுவடை முடியும் வரை அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

இப்போதும் யாராவது பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் நின்றால் என்னால் பொறுக்க முடிவதில்லை. அவர்கள் தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக்கொடுத்துவிடுகிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. உன் தாள் முழுவதும் எனக்கு மனப்பாடம். வாய்விட்டு ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மாசியில், கடைசி நெல்கட்டு களத்துக்கு வந்த மறுநாள் காலை, அப்பாவின் ஆட்கள் உங்கள் கூரையைப் பிரித்தார்கள். நீ பரீட்சைக்கு வரவில்லை. தென்னையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் காய்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன.