உங்கள் பெயரில் ஓடிய கார்

என் ஆசை மனுசனுக்கு, சுகந்தனின் அப்பாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறந்துபோன விஷயம் இரண்டு மாதத்துக்கு முன்புதான் கார் இன்சூரன்ஸ் கம்பனிக்குத் தெரியவந்தது. அதுவரை, மூன்று வருடமாக, அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் செவன் கிங்ஸ் வீட்டில் என்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, ஒருவரையும் இடிக்காமல், நல்லபிள்ளையாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களை விட்டால் வேறு யாரிடம் போய் இதைச் சொல்வது?

இன்சூரன்ஸ் என்றாலே உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கார் வாங்கிய நாளன்று இன்சூரன்ஸ் புரோக்கரின் கடை வாசலிலேயே கத்தினீர்கள். "வராத விபத்துக்கு வருசா வருசம் காசு கட்டோணுமாம். இடிச்சால் சரி. இடிக்காட்டில் திருப்பித் தருவாங்களோ?" நான் உள்ளே போகச் சொன்னதற்கு, "நீர் சும்மா இரும்" என்று எனக்கும் ஒன்று விழுந்தது. சட்டம் விடாது என்பதால் இருப்பதில் மலிவானதை எடுத்தீர்கள். நாங்கள் இடித்தால் மற்ற ஆளுக்கு மட்டும் கொடுப்பார்கள், எங்களுக்கு ஒரு சதமும் வராது. வீட்டுக்கு எடுக்கவில்லை, உயிருக்கும் எடுக்கவில்லை.

சட்டனில் இருக்கிற உங்கள் சிநேகிதர் ஆயுள் இன்சூரன்ஸ் விண்ணப்பப் போமைக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? "நான் சாகிறதுக்குப் பந்தயம் கட்டச் சொல்லுறியோ?" என்று சிரித்து, இன்னொரு தேத்தண்ணியும் குடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அந்த விண்டரிலேயே பெற்றோல் ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அதற்காக உங்களோடு நான் எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன் தெரியுமா, தனியே குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று?

நீங்கள் பெருமைப்பட்ட ஒரே விஷயம் நோ கிளெயிம் போனஸ். விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணம் குறைந்தது. எவனோ பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடியபோதுகூட, ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு ஓட்டினீர்களே தவிர, கம்பனிக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு கார் எனக்கு இன்னும் தேவைப்பட்டது. கவுன்சிலில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். வயதானவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டிச் சமைத்துக் கொடுப்பதற்கு, பஸ்ஸை நம்பினால் இரண்டு வீட்டுக்குக்கூடப் போய்ச்சேர முடியாது. அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சுகந்தனிடம் சொன்னேன், "தம்பி, கார் கம்பனிக்கு அப்பான்ர விஷயத்தைச் சொல்லிவிடு" என்று. "நான் பாத்துக்கொள்ளுறன் அம்மா" என்றான். இங்கிலீஷில் பேசுகிற காரியம் எல்லாம் அவனுடையதுதானே.

அடுத்த வருடம் இன்சூரன்ஸ் பத்திரம் வந்தது. மேலே உங்கள் பெயர், கீழே ஓட்டக்கூடிய ஆளாக என் பெயர், முன்பு போலவே. இந்த நாட்டு வழக்கம் அப்படித்தான் போல என்று நினைத்தேன். இல்லை, உங்களுக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்காமல் விட்டேன். உங்கள் பெயருக்கு வேறு ஒரு தபாலும் வருவதில்லை. அந்த ஒரு கடிதத்தை வாசலில் குனிந்து எடுக்கிற நாள் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வருடம் உங்கள் திவசத்தன்று மனோர் பார்க்கில் கோயிலுக்குப் போனோம். சுகந்தன் ஐயருக்கு முன்னால் இருந்து உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பிறகு அவன் ரெயின் பிடித்து வேலைக்குப் போய்விட்டான். நான் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல பகல், மழைகூட இல்லை. சின்ன றோட்டிலிருந்து பெரிய றோட்டுக்குத் திருப்பினேன். சைக்கிளை நான் காணவில்லை. சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன்.

அவர் பெயர் ஃபிராங்க். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோயிற்று. வலது கை! பெயின்ட் அடிக்கிற மனிதனுடைய வலது கையை நான் முறித்துவிட்டேன், அப்பா. பொலிஸ்காரன் பத்திரங்களை ஏழு நாளுக்குள் ஸ்டேஷனில் காட்டச் சொல்லி ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தான். கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

ஃபிராங்க் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்ததும் மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு இல்ஃபர்டில் அவருடைய வீட்டுக்குப் போனேன். தனி ஆள். வேலை செய்யாவிட்டால் வருமானம் இல்லை. நோய், வருத்தம் வந்தால் சம்பளம் கொடுக்கிற இன்சூரன்ஸை எடுக்க யோசித்தாராம், வீண்காசு என்று விட்டுவிட்டாராம். உங்களைத்தான் நினைத்தேன். "உங்களுடைய கார் இன்சூரன்ஸ் சரியாக இருக்கிறதுதானே?" என்று கேட்டார். "எட்டு வருடமாக இருக்கிறது, ஒரு தடவைகூடக் கம்பனியிடம் காசு கேட்டதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அப்படியென்றால் கையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறேன்" என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை சுகந்தன் கம்பனிக்குப் போன் எடுத்தான். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "கணேசலிங்கம் பேசுகிறேன்" என்றான். அதில் பிழையில்லை, உங்கள் பெயர்தான் இந்த நாட்டில் அவனுக்கும் கடைசிப் பெயர். பிறகு பிறந்த திகதியைச் சொன்னான். உங்களுடையதை. இருபத்துநாலு வயதுப் பிள்ளை, முப்பத்தெட்டாம் ஆண்டு என்று வாய் கூசாமல் சொன்னான். நான் கத்தியோடு அப்படியே நின்றேன். அடுத்தது என்ன சொன்னான் தெரியுமா? "மை வைஃப்தான் காரை ஓட்டினா." இங்கிலீஷில், குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு, உங்களைப் போலவே செருமிவிட்டு.

பத்து நாளுக்கு முன்பு உங்களுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்த அதே பிள்ளை.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "தம்பி, என்னடா சொன்னனி இப்ப? ஆருக்கடா நான் வைஃப்?"

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான் செய்யிறனான். எல்லாரும் செய்யிறதுதான்."

"அப்பா செத்ததைச் சொல்லு எண்டு நான் சொல்லேல்லையே?"

"சொன்னால் அப்பான்ர போனஸ் எல்லாம் போயிடும். உங்களுக்கெண்டு புதுசா எடுத்தால் மூண்டு மடங்கு கேக்கிறாங்கள். அப்ப நான் படிச்சுக்கொண்டிருந்தனான். அவ்வளவு காசு எங்களிட்ட எங்க இருந்தது?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் எப்படிச் சீவித்தோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. செத்தவர் பெயரில் இருக்கிற பத்திரம் எப்படிச் செல்லும்? நீங்கள் போன நாளிலிருந்து நான் இன்சூரன்ஸ் இல்லாத காரைத்தான் இந்த ஊர் முழுக்க ஓட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓட்டியிருக்கிறேன், பனிக்குள் ஓட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை கம்பனியிலிருந்து ஒருவர் போமோடு வீட்டுக்கு வருவார் என்றான் சுகந்தன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அப்பா வேலைக்குப் போயிட்டார், போமை வைச்சிட்டுப் போங்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். அப்பான்ர கையெழுத்து எனக்குப் போட ஏலும்" என்றான். நான் ஏலாது என்றேன். அப்போது அவன் கேட்டான், "அப்ப ஃபிராங்குக்கு ஆர் அம்மா காசு குடுக்கிறது?" பொய் சொன்னால் அந்த மனிதருக்கு உடனே காசு கிடைக்கும். உண்மையைச் சொன்னால் எப்போது கிடைக்கும் என்றே தெரியாது. நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? சுகந்தன் சொல்லித் தந்த வசனத்தை இங்கிலீஷில் பாடமாக்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடிக்கு முன்னால் நின்றே பாடமாக்கினேன்.

வந்தவர் நல்ல மனிதர். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். முன்னறையில் உங்கள் படம். பூமாலை போட்டு, பொட்டு வைத்து, சின்ன விளக்கும் எரிகிறது. அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவர்தான் உங்கள் கணவரா? என்ன, பிறந்தநாளா?" என்று கேட்டார்.

நான் பாடமாக்கிய வசனம் தொண்டை வரை வந்தது. உங்களுக்குக் கீழே நின்றுகொண்டு, நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஹி இஸ் டெட்" என்றேன். "த்ரீ இயர்ஸ்." இங்கிலீஷில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்தவர் திகைத்துப்போய்ப் போமையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். அவர் பாவம், சப்பாத்தில்லாத கால்களோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. நீங்கள் இறந்த அன்றைக்கே இன்சூரன்ஸும் முடிந்துவிட்டதாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு எனக்குக் கோர்ட்டுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். சுகந்தன் இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறான். கோர்ட்டுக்குத் தானும் வருவதாகவும், செய்தது தான்தான் என்று சொல்லப்போவதாகவும் சொல்கிறான்.

ஃபிராங்கிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இன்சூரன்ஸ் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னீர்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாட்டை அவர் வாங்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத கார் இடித்தவர்களுக்குக் கொடுப்பதற்கென்று இந்த நாட்டில் ஒரு பொது நிதி இருக்கிறது, அதற்கு எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை. அவருடைய கையின் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நான் செய்தது சரிதானா? யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

போன மாதம் புரோக்கரிடம் தனியே போனேன். விபத்தை மறைக்கவில்லை, கோர்ட் விஷயத்தையும் மறைக்கவில்லை. கட்டணத்தைக் கேட்டால் நீங்கள் மறுபடி செத்துவிடுவீர்கள். போனஸ் பூச்சியம். இந்த வயதில் நான் புது ஓட்டுநர். திருமணமானவரா, இல்லையா என்று கேட்டார். விதவை என்றேன். குரல் உடையவில்லை. கட்டினேன்.

உங்கள் கணக்கில் இது இன்னும் வீண்காசுதான். எங்களுக்கு என்ன திரும்பி வரும் என்றுதான் நீங்கள் எப்போதும் கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரம் எங்களுக்காக இல்லை, அப்பா. முன்பின் தெரியாத ஒரு ஆளின் கைக்காக. அது எனக்கு விளங்க ஒரு மனிதனுடைய கை முறிய வேண்டியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஃபிராங்குக்கு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. பஸ்ஸுக்கு நின்றார். காரை நிறுத்தி ஏறச் சொன்னேன். ஏறவில்லை. குனிந்து, யன்னலுக்குள்ளால் இடது கையை நீட்டினார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது, பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். தெருவில் நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அதில் என் பெயர் ஒன்றுதான் இருந்தது. பஸ் வந்து போய்விட்டது. மடித்துத் திருப்பித் தந்துவிட்டுக் கதவைத் திறந்து ஏறினார். வலது கையால் பெல்ட்டை இழுக்க முடியவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன்.

அந்த விரல்கள் மடங்கும் வரை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். இனி யார் வந்து உங்களைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனுசி,
சுகந்தனின் அம்மா,
மகேஸ்வரி