ராசாத்தியின் தூக்குப்போசி

மேயர் அவர்களுக்கு,

உங்கள் வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்து பீரோவில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆத்தூரில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்.

ஏரிக்கரை ராசாத்தியின் வீட்டை இடிக்கக் கூடாதென்று, வக்கீலாக இருந்தபோது நீங்கள்தான் தடை வாங்கிக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடிப் பண்டிகைக்கும் மாரியம்மனுக்குக் கோழி அறுத்ததும், முதல் குழம்பு அவள் தூக்குப்போசியில் நம் வீட்டுக்குத்தான் வரும். அந்தத் தடையை எப்படி உடைக்கலாம் என்பது அதை வாங்கிய உங்களுக்குத்தானே தெரியும்? மேயரானதும் மாநகராட்சி வக்கீலைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை ஜேசிபி போனது.

மறுநாள் பண்டிகை. இடிந்த சுவரோரம் கல்லைக் கூட்டிச் சமைத்து, வழக்கம்போலத் தூக்குப்போசியோடு வந்து நின்றாள்.

"ஐயாவுக்குத் தெரியாமயே ஆபீசருங்க இடிச்சுப்புட்டாங்கம்மா. நீங்க ஒரு வார்த்த அவுரு காதுல போடுங்க."

நீங்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் போனதும் வந்து, தட்டைப் போடச் சொன்னீர்கள். கறியை மென்றுகொண்டே, "இந்த வருஷம் உப்பு கொஞ்சம் கம்மி" என்றீர்கள்.



அந்தத் தட்டு மேசையிலேயே கிடக்கிறது. நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கில்லை. பஸ் ஏறுமுன் ஏரிக்கரைக்குப் போனேன். போசி நிறைய அரிசியைப் போட்டுக் கொடுத்து, இடிக்கச் சொன்னது யார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அரிசியை என் பையிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, வெறும் போசியை வாங்கிக்கொண்டாள்.

இப்படிக்கு,
இத்தனை வருஷம் உங்களுக்குச் சோறு போட்டவள்