அம்மாவின் காதுக்குள் ஒளிஞ்சிருந்த அக்கி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்லலம்மா, நிஜமாவே நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். மனசுல அடக்கி வைக்க முடியாத சேதி, உங்கம்மா இன்னைக்கு முழு வாயாலயும் சிரிச்சா.

முதல்லேர்ந்து சொல்றேன், பதறாமப் படி. போன மாசம் அம்மா சமையல் வேலை பாக்குற கேன்டீன்ல அவ வச்ச சூப்பை யாராலயும் வாயில வைக்க முடியலயாம், அவ்வளவு உப்பு. அவளுக்கு நாக்குல ஒரு பக்கம் ருசியே தெரியல, வலது காதுல குத்து வேற. தண்ணி போயிருக்கும்னு அவளே சொட்டு மருந்து விட்டுக்கிட்டா. மறுநாள் காலைல குடிச்ச காபி வாயோரமா வழியுது, நிமிர்ந்து பாத்தா வாய் இடது பக்கம் கோணியிருக்கு, வலது கண்ணு மூட மாட்டேங்குது. பக்கவாதம்தான்னு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். டாக்டரம்மா நெத்தியைச் சுருக்கச் சொன்னாங்க, கையைத் தூக்கச் சொன்னாங்க, காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாங்க, பக்கவாதம் இல்லைங்க, அக்கின்னாங்க. உள்ள பொடிப்பொடியாக் கொப்புளம். எனக்குத் தெரிஞ்ச அக்கி இடுப்புல பட்டையா வர்றதுதான், அது காதுக்குள்ள பதுங்கி முகத்தைக் கோணலாக்கும்னு யாரு கண்டா. என்னைக்கோ அம்மை போட்ட கிருமி நரம்புல தூங்கிக் கிடந்து இப்ப முழிச்சுக்கிச்சாம். சில பேருக்குத் தலை சுத்துமாம், காது மந்தமாகுமாம், சில பேருக்குக் கொப்புளமே இல்லாம வெறும் வலி மட்டும் வருமாம். சீக்கிரம் வந்தது நல்லதுன்னு அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா முகம் எப்பப் பழையபடி ஆகும்னு அவங்களாலயே சொல்ல முடியல. அம்மா வேலைக்குப் போகல, கண்ணாடி பக்கமே போகல. தூங்கும்போது அந்தக் கண்ணு காயக்கூடாதுன்னு மருந்து விட்டு பிளாஸ்திரி ஒட்டுறது என் வேலை. இன்னைக்கு மத்தியானம் அரைத் தூக்கத்துல நல்ல கண்ணுல ஒட்டித் தொலைச்சேன். என்னைப் பொட்டைக் கண்ணியாக்கப் பாக்குறீங்களான்னு சிரிச்சா பாரு, வலது கன்னமும் சேர்ந்து ஏறிச்சு. நான் கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

உனக்கும் சின்னதுல அம்மை போட்டிருக்கு. ஒரு பக்கமாக் காது குத்தினாலோ முகம் இழுத்தாலோ நீயா வைத்தியம் பண்ணாதே, அன்னைக்கே டாக்டரைப் பாரு. நேரத்துக்குச் சாப்பிடு. ரெண்டு பேரும் சீரும் சிறப்புமா இருங்க.

உன் நினைப்பாவே இருக்குற,
அப்பா

அம்மா எழுதுறேன் கண்ணு. எல்லாம் எழுதினாரே, கண்ணாடியை நீட்டிட்டு அடுப்படிக்குப் போய் அழுததை எழுதினாரா பாரு.